பூங்கொடி டீச்சரின் மணிக்கட்டு

போன செவ்வாய்க்கிழமை ஒரு போன். "மேடம், நீங்க ரெவ்யூ போட்ட அன்னைக்கே ஆக்‌ஷன் எடுத்துட்டோம்" என்றார் ரிசார்ட் மேனேஜர். குரலில் அவ்வளவு பெருமை.

எந்த ரெவ்யூ? சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஜவ்வாது மலையில் ஐந்து நாள் யோகா முகாமுக்குப் போயிருந்தேன். ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறுகிற வழியில் புதிதாக வந்திருக்கும் ரிசார்ட். கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து குனிந்து என் தோள்பட்டை பழுதாகியிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் போனேன்.

டீச்சர் பூங்கொடி. அந்த மலைக்காரர்தான், முப்பது வயதிருக்கும். திருப்பத்தூரில் யோகா டிப்ளமா முடித்தவர். தசை வலித்தால் பரவாயில்லை, மூட்டில் சுருக்கென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள் என்பார். சூரிய நமஸ்காரத்தில் மொத்த எடையையும் மணிக்கட்டில் போடாதீர்கள், விரல்களை விரித்துத் தரையை அழுத்துங்கள் என்பார். என் உள்ளங்கைக்குக் கீழே அவரே போர்வையை மடித்து வைத்தார். இன்று கஷ்டமான ஆசனம் என்றால் நாளைக்குச் சுலபமானது. ஐந்தாம் நாள் என் தோள் வலியே தெரியவில்லை.

ஆனால் அவருக்கு? தினமும் மூன்று பேட்ச். ஒவ்வொன்றிலும் எல்லா ஆசனத்தையும் அவர் செய்து காட்ட வேண்டும். நாம் சும்மா இருப்போமா... "டீச்சர், இன்னொரு தடவை, வீடியோ எடுத்துக்கறேன்." நானும் கேட்டேன் – இரண்டு முறை.

நான்காம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"குளிருதுங்களா?" என்றேன்.

"இல்லீங்க மேடம். ஒரு கையால தூக்க முடியல. மூணு மாசமா இப்டித்தான்."

"ஊருக்குத்தான் உபதேசமா?" என்று கிண்டல் செய்தேன். சிரித்தார்.

"இன்னா பண்றதுங்க... சீசன்ல போய் லீவு கேட்டா நல்லாருக்குமா? மே முடிஞ்சா கூட்டம் கொறஞ்சிடும். அப்போ வூட்ல இருந்து கைய பாத்துக்கறேன்."

ஆக, அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. இன்னும் ஐந்து வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடுவது.

எனக்குப் பொறுக்குமா? எழுதுகிறவள் ஆயிற்றே. ஊருக்கு வந்ததும் இன்டர்நெட்டில் நீளமாக ஒரு ரெவ்யூ போட்டேன். 'பூங்கொடி டீச்சரின் மணிக்கட்டு கெட்டுப்போயிருக்கிறது. அவருக்கு உடனே ஓய்வு கொடுங்கள்.' லைக் குவிந்தது. எனக்கு இளகிய மனசு என்று ஒருவர் பாராட்டினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மேனேஜர் தொடர்ந்தார். "புது டீச்சர் போட்டாச்சு மேடம். சின்ன வயசு. கையெல்லாம் நல்லா இருக்கு. நீங்க ரெவ்யூவ கொஞ்சம் மாத்திப் போட்டீங்கன்னா..."

"பூங்கொடி?"

"அவங்களுக்குத்தான் ஓய்வு குடுத்துட்டோமே."

கோபம் வந்தது. அந்த ஆள் மேல் மட்டும்தான் என்று சொல்ல ஆசை. அடுத்தவர் வலியைப் பார்த்ததும் நமக்கு வாய் திறந்துவிடுகிறது, வலிக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் தோன்றுவதில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அதனால்தான் நான் கேட்கவில்லையோ என்னவோ.

பூங்கொடிக்கு போன் செய்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நல்லதுக்குத்தான் எழுதினீங்க, தெரியுதுங்க" என்றார்.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"கை நல்லாயிடுச்சுங்க மேடம். ரெண்டு எடத்துல வேலை கேட்டேன். கை போன டீச்சர் நீங்கதானேன்னு கேக்கறாங்க. அவங்களும் அதப் படிச்சிருக்காங்க."

ரெவ்யூவை அழித்துவிட்டேன். படித்தவர்கள் மனசிலிருந்து அழிக்கத்தான் வழி தெரியவில்லை.