நிலவறையில் சரிபாதி

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. மார்கித் ஒரு நாடகப் பிரதியில் பெண்கள் பேசும் வசனங்களை எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டாவது வசனத்தின் மேல் விரலை ஊன்றியபடி, மறு கையால் மின்னஞ்சலைத் திறந்தார். பெர்கன் நகரத்துப் பெரிய அரங்கு அடுத்த பருவத்தின் பட்டியலை அனுப்பியிருந்தது. எட்டு நாடகங்கள். நான்கை இயக்குபவர்கள் பெண்கள். விரலை எடுக்காமலே சிரித்தார். எடுத்தால் எண்ணிக்கை விட்டுப்போகும்.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். அதுதான் 'சரிபாதி' சங்கம். மேடையில் பெண்களுக்குச் சம இடம் கேட்பது அதன் வேலை. மார்கித்துக்கு அறுபத்திரண்டு வயது. முன்பு அந்தப் பெரிய அரங்கில் விளக்கு இயக்கிய பெண்மணி. இருட்டு பழகியதால், நாடகம் பார்த்தபடியே காகிதத்தைப் பாராமல் கோடு போடுவார். எழுதியது யார், இயக்கியது யார், நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு, 'இடைவேளைக்கு முன் சாகிற பெண்கள்'.

"போன வருஷம் பதினாலு பேரு போயிட்டாங்க. ஆம்பளைங்க மூணே பேரு. அதுல ஒருத்தன் பேயா திரும்பி வந்து அரை மணி நேரம் பேசறான்" என்பார்.

எண்ணுவது மார்கித், பேசுவது தோழி போர்கில்ட். இருபத்தாறு வருடம் சங்கம் அப்படித்தான் நடந்தது. அரங்கத் தலைவர்களைத் தொலைபேசியில் அழைத்து, நலம் விசாரித்து, சிரிக்கவைத்து, சிரிப்பு ஓய்வதற்குள் குறையைச் சொல்லி நறுக்கென்று கடிப்பது போர்கில்டின் கைவரிசை. பிப்ரவரியில் போர்கில்ட் இறந்துபோனார். அதன்பின் மார்கித் எல்லோருக்கும் கடிதம்தான் எழுதுகிறார். "எனக்கு எண்ண வரும். பேச வராது."

அன்று மதியம் இலவங்கப்பட்டை ரொட்டி ஆறு வாங்கிவந்தார். அலமாரியிலிருந்து ஒரு பித்தளைத் தகட்டை எடுத்துத் துடைத்தார். 'இங்கே சரிபாதி' என்று பொறித்தது. போர்கில்ட் செய்யச் சொல்லிப் பதினோரு வருடமாகிறது; எந்த அரங்கும் பாதியை எட்டி அதைச் சம்பாதித்ததில்லை. வெள்ளிக்கிழமை மாட்டுவதாக அரங்குக்கு எழுதியும் போட்டுவிட்டார்.

மழைக்கோட்டை உதறிக்கொண்டு இங்வில் வந்தாள். அந்த நான்கு இயக்குநர்களில் ஒருத்தி.

"தகடு பளபளன்னு இருக்கே. எங்க மாட்டப்போறீங்க, மேலயா, நிலவறையிலயா?"

"ஏன் கேக்கற?"

"நாங்க நாலு பேருமே நிலவறைதான் மார்கித். அறுபது நாற்காலி. மேல பெரிய மேடை, நானூத்தி அம்பது. அங்க நாலு ஆம்பளைங்க."

மார்கித் தன் கட்டங்களைப் பார்த்தார். இத்தனை வருடக் கணக்கில் நாற்காலிக்கு ஒரு கட்டம் இல்லை.

"அரங்கத் தலைவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க" என்றாள் இங்வில். "கோவத்துல அந்த அறுபதையும் புடுங்கிட்டா? எனக்கு ஏழு வருஷம் கழிச்சு கெடச்ச நாடகம்."

மார்கித் அடிக்கோலை வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டார். பிறகு எழுந்து நின்று தொலைபேசியை எடுத்தார்.

"ஓட்வார், நான் மார்கித்."

"அட, நீயா ஃபோன்ல?" அரங்கத் தலைவர் சிரித்தார். "யாராவது செத்துட்டாங்களா?" சிரிப்பு சட்டென்று நின்றது. "ஐயோ, மன்னிச்சுக்கோ. யோசிக்காம..."

"பரவால்ல. அவ இருந்தா இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. நாற்காலிய எண்ணிப் பாத்தியா?"

"எட்டுல நாலு. பாதிதானே?"

"நாடகத்துக்கு ஒரு ஆட்டம்னு கூட்டினா ஆம்பளைங்களுக்கு ஆயிரத்து எண்ணூறு நாற்காலி. பொம்பளைங்களுக்கு இருநூத்தி நாப்பது."

"விளக்கு போடும்போதே நீ இப்படித்தான். யார் மூஞ்சில நெழல் விழுதுன்னே பாத்துட்டிருப்ப."

அடுத்து என்ன சொல்வதென்று மார்கித்துக்குத் தெரியவில்லை. பேசாமல் நின்றார். இங்வில் பாதி கடித்த ரொட்டியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எதிர்முனையில் ஓட்வார் தொண்டையைச் செருமினார். போர்கில்ட் பேசியிருந்தால் அவர் பதிலுக்குப் பேசியிருப்பார். இந்த மௌனத்துக்கு அவரிடம் பதில் இல்லை.

"சரிம்மா, சரி! ரெண்டு மேல வரட்டும். இங்வில்லோடதும் இன்னொண்ணும். ஆனா பட்டியல் அச்சுக்குப் போயிடுச்சே!"

"மறுபடி அச்சடி. ரெண்டு ஆம்பளைங்க படியெறங்கி நிலவறைக்குப் போகட்டும். முழங்காலுக்கு நல்லது."

வெள்ளிக்கிழமை அரங்கின் வாசற்கூடத்தில் கூட்டம். மார்கித் தன் சொந்தத் திருப்புளியோடு வந்திருந்தார். தகட்டின் மூன்று திருகாணிகளை இறுக முடுக்கிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார்.

"நாலாவது?" என்றார் ஓட்வார்.

"பெரிய மேடையில இங்வில்லோட முதல் ஆட்டம் எப்ப?"

"அக்டோபர்ல."

மார்கித் நான்காவது திருகாணியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். தகட்டின் வலது கீழ்மூலைத் துளை இன்னும் காலியாக இருக்கிறது.