ஓலா டீச்சருக்குத் தமிழ் தெரியாது

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியைகளுக்கும் ஒரு வகுப்பறை உண்டு. ஓலா டீச்சருக்கு மட்டும் ஒரு தள்ளுவண்டிதான். நூலகத்தில் புத்தகம் ஏற்றிப்போகிற பழைய இரும்பு வண்டி. அதில் ஒரு சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. இவர் நேரே தள்ளினால் அது சுவரைப் பார்த்துப் போகும். மேல்தட்டில் படம் ஒட்டிய அட்டைகள், பிளாஸ்டிக் பழங்கள். கீழ்த்தட்டில் ஒரு பந்து, ஒரு கழுதை. கழுதை என்றால் கையில் மாட்டி ஆட்டுகிற துணிப் பொம்மை. டீச்சரின் கணவர் தையற்காரர். யாரோ தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராமலே போன பேண்ட் துணியில் அவர் தைத்துக் கொடுத்த கழுதை அது. ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. கேட்டால், "கழுதை என்ன அளவெடுக்கவா வந்து நின்னுச்சு?" என்பார்.

தாழ்வாரத்தில் சக்கரம் கிறீச்சிட்டதும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் "ஓலா, ஓலா" என்று கத்தத் தொடங்கிவிடுவார்கள். ஸ்பானிஷில் ஒருவரைப் பார்த்ததும் சொல்கிற வார்த்தை அது. டீச்சருக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் ஒருமுறை வெளியே வந்து காற்று வாங்கிவிட்டுப் போகும்.

ஸ்பானிஷ் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்பு வரும். கல்யாணமான புதிதில் கப்பல் சரக்கு அனுப்புகிற ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, பெட்டி எங்கே, சரக்கு எங்கே என்று காது கிழியக் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் வேலை. திட்டு வாங்கி வாங்கியே பாஷை படிந்தது. பிறகு ராத்திரி வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி ஒழுங்காகவும் படித்துக்கொண்டார். அலுவலகத்தை மூடியபோது இந்தப் பள்ளியில் ஆள் கேட்டார்கள், வந்துவிட்டார். முதல் மாதம் பிள்ளைகளிடம் "ஆப்பிள் எங்கே?" என்று கேட்டால், கப்பலே முழுகிப்போன மாதிரி இருக்குமாம். ஒரு குழந்தை பயந்து அழுதேவிட்டது. அப்புறம்தான் குரலைக் கழற்றி வேறு குரல் மாட்டிக்கொண்டார்.

அந்த முதல் வருஷம் இன்னொன்றும் தெரிந்துகொண்டார். ஸ்பானிஷில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதற்கு அர்த்தத்தைத் தமிழில் சொன்னால், பிள்ளைகள் முதல் வார்த்தையைக் காதிலேயே வாங்குவதில்லை. எப்படியும் தமிழ் வரும் என்று தெரிந்தபின் எந்தப் பிள்ளை மண்டையை உடைத்துக்கொள்ளும்? அடுத்த வருஷம் ஒரு முடிவு எடுத்தார். பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் ஓலா டீச்சருக்குத் தமிழ் தெரியாது. ஒரு வார்த்தை தெரியாது. யார் என்ன கேட்டாலும் கண்ணை அகல விரித்து, தோளைக் குலுக்கி, "நோ என்தியேந்தோ", அதாவது புரியவில்லை, என்பார்.

தலைமையாசிரியைக்கு இந்தச் சங்கதி தெரியும். மற்ற ஆசிரியைகளுக்கும் தெரியும். ஓய்வறைக் கதவைச் சாத்தியபிறகுதான் அவர்களோடு ஓலா டீச்சர் தமிழில் பேசுவார். அப்போது மற்றவர்கள் வாயைத் திறக்க இடம் கிடைக்காது. காலையெல்லாம் அடக்கிவைத்ததைக் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்.

பிள்ளைகள் அப்படியே நம்பினார்கள். நம்பினதோடு விட்டார்களா? டீச்சர் பாவம் என்று இரக்கப்பட்டார்கள். அவர் எதிரிலேயே வீட்டுக் கதையெல்லாம் பேசினார்கள். எந்த அப்பா தூக்கத்தில் உளறுகிறார், எந்த அத்தை பொய்ப்பல்லைத் தொலைத்தாள், எல்லாம் டீச்சர் காதில் விழும். சிரிப்பை அடக்க முடியாதபோது கழுதையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். தண்ணீர் வேண்டுமென்றால் "அகுவா". சட்டைப் பொத்தான் அறுந்தால் கையைக் காட்டி எப்படியாவது இரண்டு வார்த்தை சேர்க்க வேண்டும். தப்பாகச் சொன்னாலும் திட்டு கிடையாது. "முய் பியென்", ரொம்ப நல்லது, என்பார். தயங்கி நிற்கிற பிள்ளையின் பக்கத்தில் குனிந்து "போகோ அ போகோ" என்பார். கொஞ்சம் கொஞ்சமாக வரும், அவசரமில்லை என்று அர்த்தம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பள்ளியின் தாளாளர் அதில் மூக்கை நுழைத்தார். ஸ்பானிஷ் வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைக் கணினிக்குக் கொடுக்கலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம். தலைமையாசிரியை மன்றாடிப் பார்த்ததில், பெற்றோர் வருகிற நாளில் இரண்டாம் வகுப்புக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

"மனப்பாடம் பண்ண பாட்டெல்லாம் எனக்கு வேணாம். பசங்க தானா ஒரு வார்த்தை பேசட்டும், அப்புறம் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓலா டீச்சர் அதற்குக்கூடக் கலங்கவில்லை. என் பிள்ளைகள் பேசுவார்கள் என்ற தைரியம். பெற்றோர் வருகிற நாளுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மீன் கடைக்குப் போனார் பாருங்கள், அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மீன்காரர் பழகின ஆள்தான். ஆனாலும் பழைய மீனைத் தலையில் கட்டப் பார்ப்பது அவர் சுபாவம், அதைக் கண்டுபிடித்துக் கிழிப்பது டீச்சர் சுபாவம். அன்றைக்கும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, இது நேத்து செத்த மீனா, போன மாசம் செத்த மீனா? கண்ணைப் பாரு, பஞ்சடைஞ்சு கிடக்கு. யார்கிட்ட கதை விடுற? என்னைப் பார்த்தா கேணச்சி மாதிரி தெரியுதா?"

இன்னும் சொல்லியிருப்பார். முதுகுக்குப் பின்னால் ஏதோ உறுத்தத் திரும்பினார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் வகுப்பு ரேடியோ நின்றுகொண்டிருந்தது.

ரேடியோ என்று அந்தப் பெண்ணுக்கு வகுப்பே வைத்த பெயர். காலையில் பேச ஆரம்பித்தால் வீடு போய்ச் சேரும்வரை நிறுத்தாது. அதன் வாய் இப்போது திறந்தபடி நின்றது. சத்தம்தான் வரவில்லை. டீச்சருக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. "ஓலா" என்று மெல்ல முனகிவிட்டு, மீனும் வாங்காமல், பையைச் சுருட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

கணவர் தையல் இயந்திரத்தில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காதீங்க. நாளைக்கு என்ன ஆகப்போகுதோ," என்றார் டீச்சர்.

"என்ன ஆயிடும்? டீச்சருக்குத் தமிழும் தெரியும்னு தெரிஞ்சுக்குவாங்க."

"அதோட கதை முடிஞ்சுது. நாளைக்கு தாளாளர் முன்னாடி ஒரு பிள்ளை வாயைத் திறக்காது. எதுக்குத் திறக்கணும்? இத்தனை நாளா நம்மளை ஏமாத்தினாங்கன்னு வேற நினைக்கும். எனக்கு வேலை போனாகூட பரவாயில்லைங்க. அதுங்க முகத்தை எப்படிப் பார்ப்பேன்?"

அதற்குமேல் அவரும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டு எடுத்து வந்தார்.

மறுநாள் காலை சக்கரம் வழக்கம்போலக் கிறீச்சிட்டது. இரண்டாம் வகுப்பிலிருந்து "ஓலா" வரவில்லை. டீச்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பெற்றோர் பின்வரிசையில், குழந்தை நாற்காலிகளில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவே தாளாளர், அவருக்கு மட்டும் பெரிய நாற்காலி. ஜன்னல் ஓரம் தலைமையாசிரியை. ரேடியோவின் அம்மாவும் வந்திருந்தார்.

டீச்சர் கழுதையைக் கையில் மாட்டினார். பிளாஸ்டிக் வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டி, "கே எஸ் எஸ்தோ?" என்று கழுதைக் குரலில் கேட்டார். இது என்ன என்று கேட்கிற கேள்வி. மற்ற நாளென்றால் பதில் கூரையைப் பிய்க்கும். இன்றைக்குப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் ரேடியோவைப் பார்த்தார்கள். இன்னொருமுறை கேட்டார். ஒரு சத்தம் இல்லை.

தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் பாப்பா, யாரும் பேச மாட்டேங்கிறீங்க?" என்று ரேடியோவைக் கேட்டார்.

ரேடியோ எழுந்து நின்றது. "டீச்சருக்குத் தமிழ் வந்துடுச்சு சார்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார் ஓலா டீச்சர்.

"அப்படியா? எப்படி வந்துச்சு?"

"நாங்கதான் சார் சொல்லிக்குடுத்தோம்." ரேடியோவின் நெஞ்சு நிமிர்ந்தது. "வந்தப்போ ஒண்ணுமே தெரியாது, பாவம். நாங்க பேசப் பேசக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நேத்து மீன் கடையில பார்த்தேன், தனியாவே பேசினாங்க. நல்லாவே பேசினாங்க. காலையில நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"நானும் சொல்லிக்குடுத்தேன்," என்றது ஒரு குரல். "நான்தான் பென்சில் சொல்லிக்குடுத்தேன்," என்றது இன்னொன்று. வகுப்பு முழுக்க உரிமை கொண்டாட ஆரம்பித்தது.

பின்வரிசையில் ரேடியோவின் அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மீன் கடையில் கேட்ட தமிழ் எப்பேர்ப்பட்ட தமிழ் என்று அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆனாலும் அந்த நல்ல மனுஷி வாயைத் திறக்கவில்லை.

"என்ன டீச்சர், நிஜமாவா?" என்றார் தாளாளர். அவருக்கும் உதட்டோரம் துடித்தது.

எல்லாப் பிள்ளைகளும் டீச்சர் முகத்தையே பார்த்தார்கள். பரீட்சை எழுதுகிறவரைப் பார்க்கிற பார்வை இல்லை. சைக்கிள் பழகுகிற குழந்தையின் பின்னால் ஓடுகிறவர்கள் பார்க்கிற பார்வை. டீச்சர் கழுதையைக் கீழே வைத்தார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"ஆமா... பசங்க... நல்ல... டீச்சர். நான்... இன்னும்... கொஞ்சம்... கத்துக்கணும்."

ரேடியோ மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, டீச்சரின் கையைத் தொட்டு, "முய் பியென்," என்றது. பிறகு குரலைத் தணித்து, "போகோ அ போகோ," என்றது.

டீச்சர் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை, அதே மெல்லிய குரல். கிராசியாஸ் என்று நன்றி சொல்லிவிட்டு டீச்சர் கழுதையை மறுபடி கையில் மாட்டிக்கொண்டார்.

"சரி, டீச்சர் நம்ம பாஷை கத்துக்கிட்டாங்க. நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?" என்று தாளாளர் விடாமல் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து முதல் வரிசையில் ஒரு பையன் துள்ளி எழுந்தான். கால் இரண்டையும் பின்னிக்கொண்டு, டீச்சரைப் பார்த்து, "புவெதோ இர் அல் பான்யோ, பொர் ஃபவோர்?" என்றான். டீச்சர் தலையசைத்ததும் வெளியே ஓட்டம் பிடித்தான்.

"என்ன சொல்றான் அவன்?"

"கழிப்பறைக்குப் போலாமா, தயவுசெஞ்சுன்னு கேட்டான் சார்," என்று வகுப்பே பதில் சொன்னது.

தாளாளர் முதலில் சிரித்தார், அப்புறம் பெற்றோர் எல்லோரும் சிரித்தார்கள். அவசரத்துக்கு வருகிற பாஷையை யார் மனப்பாடம் பண்ணிப் பேச முடியும்? அதன்பின் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. டீச்சரே கற்றுக்கொண்டுவிட்டார், நாம் பின்தங்கினால் கேவலமாகப் போய்விடும் என்ற வேகம் பிள்ளைகளுக்கு. வண்டியில் இருந்த பழத்தையெல்லாம் தூக்கித் தூக்கித் தாளாளரிடம் ஸ்பானிஷில் கேள்வி கேட்டார்கள். அவருக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. ஒரு குட்டிப்பெண் அவர் முழங்காலைத் தட்டி, "போகோ அ போகோ," என்று ஆறுதல் சொன்னாள்.

கூட்டம் கலைந்தபின் தலைமையாசிரியை ஓய்வறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அடுத்த வருஷமும் வண்டியைத் தள்ளுங்க. சக்கரத்துக்கு எண்ணெய் போடச் சொல்றேன்."

"எண்ணெய் வேணாம் மேடம். நான் வர்றது பிள்ளைங்களுக்குத் தெரியணும்ல," என்றார் ஓலா டீச்சர். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மறுபடி மீன் கடை. சந்தோஷமாகப் போனவர் செவுளைத் தூக்கிப் பார்த்தார், இடுப்பில் கையும் வைத்துவிட்டார். வாயைத் திறக்கும்முன் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"அண்ணே, டீச்சர்கிட்ட கொஞ்சம் மெதுவா பேசுங்க. இப்பதான் தமிழ் கத்துக்கிறாங்க," என்றது ரேடியோ.

மீன்காரர் டீச்சரை ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் எவ்வளவு புரிந்ததோ, சந்தர்ப்பம் நன்றாகவே புரிந்தது. அடியில் கிடந்ததாகப் பார்த்து எடுத்துப் பையில் போட்டார். டீச்சர் புன்னகையோடு தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் கணவர் பையைப் பிரித்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, இப்படி நாறுது? இதைக் குடுத்தவனை நீ சும்மாவா விட்ட?"

"வேற என்ன பண்றது?" என்றார் ஓலா டீச்சர். "எனக்கு இன்னும் அவ்வளவு தமிழ் வராதுங்க."