‘இருக்கு’ அத்தானும் ஒரு கன்வெர்ட்டரும்

என் அக்காவின் கணவருக்குக் கடைத்தெருவில் ‘இருக்கு’ என்று பெயர். வைத்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். பழைய வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் தெரு அது. அங்கே போய் அத்தானிடம் எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் ‘இருக்கு’ என்பார். கம்பெனியே மூடிப்போன வண்டியாக இருந்தாலும் இருக்கு. கேட்கிறவருக்கே சாமானின் பெயர் சரியாகத் தெரியாவிட்டாலும் இருக்கு. அங்கே ‘இல்லை’ என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. ஏதோ கொடைவள்ளல் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கடையில் ஒரு போல்ட் கூடக் கிடையாது.

கடை என்பதே பெரிய வார்த்தை. இரண்டு கடைகளுக்கு நடுவே மிச்சம் விழுந்த சந்துக்கு ஷட்டர் போட்டு வைத்திருக்கிறார். உள்ளே ஒரு மேஜை, இரண்டு போன், சுவரில் ஓடாத கடிகாரம். கடிகாரம் ஏன் ஓடவில்லை என்று கேட்டால் அதற்கு மெஷின் வந்துகொண்டிருக்கிறது என்பார். அக்கா மகன் பிறந்த வருஷத்திலிருந்து அது வந்துகொண்டிருக்கிறது. மற்றபடி, வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அவருடைய மொத்த முதலீடும் அந்தப் பெஞ்சுதான்.

“இல்லைன்னு சொன்னா எழுந்து போயிடுவான் மச்சான். இருக்குன்னு சொன்னா உட்காருவான்” என்று ஒருமுறை எனக்கு வியாபாரம் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

ஆள் உட்கார்ந்ததும் போனை எடுத்து நாலு கடை தள்ளி இருப்பவரிடம் கேட்பார். அவரும் இருக்கு என்பார். அவரிடமும் இருக்காது. அவர் இன்னொருவரிடம் கேட்க, அவரும் இருக்கு என்பார். தெருவுக்கே இதுதான் வழக்கம். கடைசியில் எங்கோ ஒரு குப்பைக் குவியலில் ஏதோ ஒன்று அகப்படும். அதைக் கழுவி, சாயம் பூசி, வந்த வழியே கை மாற்றி, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் தலையில் கட்டிவிடுவார்கள். சாமான் எங்கிருந்து கிளம்பியது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதற்குத் தொழில் தர்மம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே நாங்கள் சுதாரித்திருக்க வேண்டும். சொந்த வீடு இருக்கிறதா என்று அப்பா கேட்டார். இருக்கு என்றார். அது அவருடைய சித்தப்பாவின் வீடு என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. சொந்தம்தானே என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. கிளட்சை மிதிக்க அந்தக் காலுக்குத் தெம்பில்லை. அதனால் கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டியை மட்டும்தான் அவளால் ஓட்ட முடியும். தையல் வேலை செய்து சேர்த்ததைப் போட்டு ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வேன் வாங்கினாள். பக்கத்தில் இருக்கும் மழலையர் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவாள். நடந்து போகும்போது தெருவே அவள் காலைப் பார்க்கும். வேனில் போகும்போது தெரு ஒதுங்கி வழிவிடும். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தபிறகுதான் என் அக்கா சத்தமாகச் சிரித்துப் பேச ஆரம்பித்தாள்.

அத்தானிடமும் ஒரு வண்டி உண்டு. வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய கார். அதுவும் ஆட்டோமேட்டிக்தான். ஞாயிறு தவறாமல் தார்ப்பாயை விலக்கி, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் துடைப்பார். ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். பிறகு அணைத்துவிட்டு மறுபடியும் மூடிவிடுவார். ஓட்ட மாட்டார். அக்கா ஒருமுறை சாவியைக் கேட்டதற்கு, கீறல் விழும் என்றார். மனைவி கால் நோக நடந்தால் ஒன்றும் விழாது போலிருக்கிறது.

கோடை விடுமுறையில் வேன் படுத்துவிட்டது. இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி, டார்க் கன்வெர்ட்டர் போய்விட்டது என்றார். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், கிளட்ச் செய்கிற வேலையைச் செய்யும் பெரிய உருண்டைச் சாமான் அது. பழுது பார்க்க முடியாது, வேறு வேண்டும், இந்த மாடலுக்குக் கம்பெனி செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது என்றார். எந்த வண்டியில் எதைக் கழற்றினாலும் அதன் விளிம்பிலும், அது உட்கார்ந்திருந்த தட்டிலும் உளியால் புள்ளி குத்தி வைப்பது அவர் பழக்கம். திரும்ப மாட்டும்போது திசை மாறாமல் இருக்க வேண்டுமாம். அன்றைக்கும் இரண்டிலும் மூன்று மூன்று புள்ளி குத்தினார். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

பள்ளித் தாளாளர் கறாரான ஆள். பள்ளி திறக்கும் நாளில் வேன் வாசலில் நிற்காவிட்டால் வேறு வண்டிக்காரர் தயாராக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து அத்தானிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“இருக்கு” என்றார்.

நானே வெளியூரில் ஒரு கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்த மனிதர் பொறுமையாக விசாரித்துவிட்டு, இல்லை, கிடைப்பதும் கஷ்டம் என்றார். அத்தானிடம் வந்து சொன்னேன். வியாபாரம் தெரியாதவன் என்று, முகம் தெரியாத அந்த நல்ல மனிதரை ஏளனம் செய்தார். ஊரில் ஒருவர் உண்மை பேசினால் இவருக்கு உடம்பு எரியும்.

அப்புறம் விடுமுறை முழுக்கச் சாமான் வந்துகொண்டே இருந்தது. கிளம்பிவிட்டது, லாரியில் இருக்கிறது, லாரி பஞ்சர், டிரைவருக்குக் காய்ச்சல் என்று நாளுக்கொரு கதை. நாக்கில் நரம்பே இல்லாமல் அளந்தார். அக்கா பிள்ளைகளின் வீடு வீடாக நடந்து போய், வண்டி வந்துவிடும், வேறு வண்டிக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தாள். மாடிப்படிகளில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து ஏறி ஏறி உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. சாயங்காலம் அவள் காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது, அத்தான் வாசலில் நின்று தார்ப்பாயின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது சாமான் வந்தேவிட்டது. சாக்கில் சுற்றி, பளபளவென்று வெள்ளி நிறச் சாயம் பூசி, பட்டறை வாசலில் வந்து இறங்கியது. அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, போருக்குப் போய் ஜெயித்து வந்தவர் தோற்றார். நானும் ஒரு நிமிஷம் வெட்கப்பட்டேன். இந்த மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று கூடத் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம்.

மெக்கானிக் அதைத் தூக்கி வைத்துப் பொருத்திப் பார்த்தார். வெண்ணெய் போல உட்கார்ந்தது. விளிம்பில் வழிந்திருந்த சாயத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தவரின் கை பாதியில் நின்றுவிட்டது. அக்காவும் குனிந்து பார்த்தாள். சாயத்துக்கு அடியில் மூன்று புள்ளி. தட்டில் இருந்த மூன்று புள்ளிக்கு நேர் எதிரே.

எங்கள் வேனில் கழற்றிய அதே கன்வெர்ட்டர்தான்.

நடந்தது இதுதான். கழற்றியதை மெக்கானிக் பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிட்டார். தெருக்கோடி காயலான் கடைக்காரர் வழக்கம்போல வந்து அள்ளிக்கொண்டு போனார். அத்தான் ஒருவரிடம் கேட்க, அவர் இன்னொருவரிடம் கேட்க, இருக்கு இருக்கு என்று வாய் மாறி வாய் போய், கடைசியில் காயலான் கடையில் போய் நின்றிருக்கிறது. அவரும் அந்தத் தெருக்காரர்தானே. இருக்கு என்றார். பாவம், அவர் ஒருவர்தான் பொய் சொல்லவில்லை.

அத்தான் குனிந்து பார்த்தார். கொஞ்சமாவது கூசுவார் என்று நினைத்தேன்.

“அதான் இவ்வளவு கரெக்டா பொருந்துது” என்றார்.

அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். அக்கா இருந்ததால் அடக்கிக்கொண்டேன். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. மெக்கானிக்கிடம் கேட்டாள்.

“அண்ணே, இதே சாமான் வேற எந்த வண்டியில வரும்?”

மெக்கானிக் துணியால் கையைத் துடைத்தார். சுத்தமாகிவிட்ட கையையே மறுபடியும் துடைத்தார். அத்தான் அனுப்பும் ஆட்களால்தான் அந்தப் பட்டறையில் பாதி வேலை நடக்கிறது. அந்த விசுவாசத்தில்தான் அவரும் விடுமுறை முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது காயலானுக்குப் போட்ட குற்றம் தன் தலையிலும் இருந்ததால், தரையைப் பார்த்துக்கொண்டு, இதே கம்பெனி அந்தக் காலத்தில் விட்ட பெரிய காரிலும் இதே கியர்பாக்ஸ்தான் என்றார்.

அக்கா இப்போதுதான் அத்தான் பக்கம் திரும்பினாள்.

“நம்ம வாசல்ல நிக்குதே, அதுல இருக்கா?”

“இல்ல” என்றார் அத்தான்.

பளிச்சென்று வந்தது அந்தச் சொல். யோசிக்கவில்லை, இழுக்கவில்லை. ஊரெல்லாம் இல்லாததை இருக்கு என்று விற்ற மனிதர், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இல்லை என்றார். அதுவும் பொய். கட்டின மனைவியிடம் சொன்ன பொய். முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு லாரியையும், பஞ்சரையும், காய்ச்சலையும் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பதைக் காப்பாற்றத்தான் கிளப்பிவிட்டிருக்கிறார்.

அக்கா கையை நீட்டினாள். அவர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.

“அதைப் பிரிச்சா வண்டி அப்படியே நின்னு போயிடும்மா.”

“அது இப்பவும் நிக்கத்தாங்க செய்யுது. நடக்கிறது நான்.”

குரலை உயர்த்தவில்லை. நீட்டிய கையையும் மடக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார்.

தார்ப்பாயை நானே இழுத்துப் போட்டேன். அந்தக் காரை அக்காதான் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அதுவே முதல் தடவை, அதுவே கடைசித் தடவை. அத்தான் பக்கத்து சீட்டில் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீறல் ஒன்றும் விழவில்லை.

பள்ளி திறந்த அன்று தாளாளர் வருவதற்கு முன்னாலேயே எங்கள் வேன் பள்ளி வாசலில் நின்றது. பிள்ளைகள் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கின.

காரைத் தள்ளிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே நிறுத்தினோம். அத்தான் ஞாயிறுதோறும் இப்போதும் துடைக்கிறார், ஸ்டார்ட் மட்டும் செய்வதில்லை. போன வாரம் வழியில் போன ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இந்த மாடலெல்லாம் இப்போது கிடைப்பதே இல்லை என்று ஆசையாக பானெட்டைத் தடவினார். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் உள்ளே சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அக்கா அப்போது வேனைப் பின்பக்கமாக எடுத்துத் தெருவில் திருப்பிக்கொண்டிருந்தாள். அத்தான் தலையைத் தூக்கி அந்த வேனை ஒரு பார்வை பார்த்தார்.

“இருக்கு” என்றார்.