கல்லுப்பில் கரைத்த கடல்

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாகச் செய்முறை வகுப்பு எடுத்துவரும் நாசரேத்து கிருபாபாய்க்கு, மட்டிச் சிப்பியின் செவுளில் உள்ள சிலியாவின் மேல் இருக்கும் நம்பிக்கை மனிதர்கள் மேல் இல்லை. மனிதர்கள் அதற்கு அவ்வப்போது ஆதாரம் கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள்.

சிலியா என்பது செல்லின் மேற்பரப்பில் முளைத்த, மயிரைவிட மெல்லிய இழை. பாடப்புத்தகம் குறுஇழை என்று சொல்லும். மாணவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மட்டி பாறையில் ஒட்டியபடியே சாப்பிடுவது இவற்றின் தயவில்தான். லட்சக்கணக்கான இழைகள் வரிசை பிசகாமல் அடித்துத் தண்ணீரைச் செவுளுக்கு இழுத்துவரும். அதில் மூச்சுக்கும் உண்டு, வயிற்றுக்கும் உண்டு. செவுளில் ஒரு துண்டை வெட்டிக் கடல்நீர்ச் சொட்டில் வைத்தால், மட்டி இல்லாமல் போன தகவல் வந்துசேராதது போல, அது மணிக்கணக்கில் அடித்துக்கொண்டிருக்கும்.

குடல் செல்களில் மைக்ரோவில்லை என்று வேறொரு வகை உண்டு. அது அடிக்காது. நின்ற இடத்தில் நின்று, தன் பரப்பை மட்டும் பெருக்கிக்கொண்டு, வருவதையெல்லாம் உறிஞ்சும். கிருபாபாய் அந்தப் பாடத்தை நடத்தும்போது துறைத்தலைவர் நேசக்குமாரின் அறைப் பக்கம் திரும்புவதே இல்லை. அவ்வளவு பண்பானவர்.

அந்த நேசக்குமார்தான் திங்கட்கிழமை வந்து சொன்னார்: "வருஷா வருஷம் மட்டிய வெட்டி, வராந்தா பூரா நாத்தம். ஸ்மார்ட் போர்டுல மூணு நிமிஷ வீடியோ போட்டா முடிஞ்சுது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாரேன் மேடம். என் கண்ணு முன்னால அசைஞ்சா உங்க வகுப்பு இருக்கட்டும். அசையலன்னா இந்த மேஜைய எடுத்துட்டு கம்ப்யூட்டர் போட்டுருவோம்."

வழக்கமாகக் கிருபாபாய் தானே கேனோடு போய்க் கடல்தண்ணீர் எடுத்துவருவார். இந்தப் புதன்கிழமை, நேரத்தைச் சேமிப்பது எப்படி என்ற கூட்டத்தில் நான்கு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள். ஆகவே ஆய்வக உதவியாளர் செந்தில்முருகனை அனுப்பினார். நாற்பத்தைந்து வயது, நரைத்த மீசை, நம்பிப் பொறுப்பைக் கொடுக்கலாம் போன்ற முகம். மாலையில் வாளி நிறைய மட்டியும் கேன் நிறையத் தண்ணீரும் வந்துசேர்ந்தன. மட்டிகள் இரவு முழுக்க அந்தத் தண்ணீரில் கிடந்தன.

வியாழன் காலை பத்து மணி. முதல் மட்டியின் செவுள் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் நனைந்த காகிதம் போலக் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதை வெட்டிப் பார்த்துவிட்டுக் கிருபாபாய் நிமிர்ந்தார்.

"செந்திலு, தண்ணி எங்கன எடுத்த?"

"கடல்தண்ணிதான்க்கா."

"எந்தக் கடலு?"

செந்தில்முருகன் மீசையைத் தடவினார். "துறைமுக ரோட்டுல லாரி வரிசையா நிக்கி. ஸ்கூட்டர் போக வழியில்ல. மட்டிய மார்க்கெட்டுலயே வாங்கிட்டேன். நம்ம மச்சான் உப்பளத்துல இருந்து குடுத்த கல்லுப்பு வீட்டுல கெடந்துச்சு. நாலு கை அள்ளி நல்ல தண்ணில கரைச்சேன். நக்கியும் பாத்தேன். அதே ருசிதான்."

வேறு ஊரில் பிறந்தவனுக்கு இந்த யோசனை வராது. கடலில் இருந்து தண்ணீரைக் கழித்தால் உப்பு. உப்போடு தண்ணீரைக் கூட்டினால் கடல். இந்தக் கணக்கைத் தூத்துக்குடிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"உப்பு விளைஞ்ச பிறகு பாத்தியில ஒரு கசப்புத் தண்ணி நிக்கும்லா, அத என்ன செய்வாவ?" என்றார் கிருபாபாய்.

"வெளிய விட்டுருவாவ. அது வேண்டாத தண்ணில்லா."

"உனக்கு வேண்டாம். மட்டிக்கு வேணும். கடல்ல உப்பு மட்டுமா இருக்கு? மிச்சம் பூரா அதுலதான் போச்சு."

"அப்ப மட்டி எல்லாம்?"

"ஊறுகாய் ஆயிட்டு."

செந்தில்முருகன் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லதா பாத்து நேத்தே ஒரு அஞ்சாறு ஒதுக்கி வச்சிருக்கேன்க்கா. குழம்புக்கு. ஈரச் சாக்குல சுத்தி ஸ்கூட்டர் பெட்டியில இருக்கு," என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு திருட்டைக் கேட்டுக் கிருபாபாய் மகிழ்ந்தது அன்றுதான். அதே ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார். லாரிகளுக்கு இடையில் நுழைந்து, கரையில் இறங்கி, முழங்கால் நனையச் சேலையோடு கேனை முக்கினார். இடது கால் செருப்பைக் கடல் எடுத்துக்கொண்டது. திரும்பி வந்து செவுளை வெட்டிச் சொட்டில் வைத்தபோது மணி பத்து ஐம்பத்தெட்டு.

அடித்தது. விளிம்பு நெடுக, வயலில் காற்று போவது போல அலை அலையாக அடித்தது.

பதினோரு மணிக்கு நேசக்குமார் குனிந்தார். முப்பத்து நான்கு மாணவர்கள் சுற்றி நிற்க, வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. நிமிர்ந்தபோது முகமே இளகியிருந்தது.

"என்ன அருமையா இருக்கு மேடம். இத அப்படியே உங்க போன்ல எடுத்துருங்க. இனிமே நீங்க கடலுக்கே போக வேண்டாம்."

"அசைஞ்சா வகுப்பு இருக்கும்னு சொன்னீங்க சார்."

"இருக்கும் மேடம். வீடியோவா இருக்கும்."

"போன்ல சார்ஜ் இல்ல சார்," என்றார், ஞாயிறு பள்ளியில் பொய் பேசாமையைப் பற்றிப் பாடம் எடுக்கும் கிருபாபாய்.

அவருடைய கைப்பைக்குள் இருந்து ஒரு கீர்த்தனை உரக்க ஒலித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள். இரண்டு அடி முடியும்வரை அதை மரியாதையோடு கேட்டுவிட்டு, நேசக்குமார் கையை நீட்டிப் பையைக் காட்டினார்.

ஒற்றைச் செருப்போடு நின்று கிருபாபாய் போனை எடுத்து, அழைப்பை நிறுத்தி, கேமராவை மைக்ராஸ்கோப்பின் கண்ணில் வைத்தார்.

"கை அசையாம புடிங்க மேடம்," என்றார் நேசக்குமார்.