வீட்டையும் விசாரிக்கணும்

மருத்துவ மாணவர்கள் தோல்நோய்களில் எதைக் கட்டாயம் கற்க வேண்டும் என்று பட்டியல் போட உட்கார்ந்த நானும் பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியையும் ஒருநாள் முழுக்கப் பேசியும் ஒத்துப்போகவில்லை. மறுநாள் இரு கல்லூரி மாணவர்களோடும் நெல்லிவாசல்நாடு மலைக்கிராமத்து மருத்துவ முகாமுக்குப் போனோம். ஒரு தாய் கொண்டுவந்த குழந்தைக்குச் சொறி என்று என் மாணவி சரியாகச் சொல்லி, களிம்பை நீட்டினாள்.

பேராசிரியையின் மாணவன், “வூட்ல வேற யாருக்காச்சும் அரிக்குதுங்களா?” என்று கேட்டான்.

“எல்லாருக்குந்தான் சார். கொழந்தைக்குப் பூசினா போதாதா?”

“போதாதும்மா. எல்லாருமே ஒரே நாள்ல பூசணும். இல்லன்னா மறுபடி ஒட்டிக்கும்.”

என் மாணவி ஓடிப்போய் இன்னும் களிம்பு எடுத்துவந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் பேராசிரியை, “வீட்டையும் விசாரிக்கணும்னு பட்டியல்ல முதல்ல எழுதலாமா?” என்றார்.

“எழுதுங்க” என்றேன்.

இரண்டாவதாக எதை எழுதுவது என்று கீழே ஆலங்காயம் வரும்வரை சிரித்துக்கொண்டே சண்டை போட்டோம்.