பொன்னம்பலத்தின் பாக்குற துப்பாக்கிகள்

சித்தையன்கோட்டைப் பொன்னம்பலம் இறந்த செய்தி என் கடைக்கு வந்தபோது கூடவே ஒரு ஆர்டரும் வந்தது. அவருடைய கார் டிரைவர் ஜோசப் படியேறி வந்து, "ஐயா விடியக்காலம் காலமாயிட்டாக. சுடுகாட்டுல வெடிக்கத் தோட்டா வாங்கியாரச் சொன்னாரு சின்னவரு" என்றார்.

"எந்தத் துப்பாக்கிக்கு?" என்று கேட்டேன். திண்டுக்கல்லில் தோட்டா விற்க லைசென்ஸ் எடுத்தவன் முதலில் கேட்க வேண்டியது அதுதான். துக்கம் விசாரிப்பது அதற்கப்புறம்.

"எல்லாத்துக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரை அறிந்த உங்களுக்கும் வந்திருக்கும். "நான் போற அன்னைக்கு என் துப்பாக்கி அம்புட்டும் ஒண்ணா வெடிக்கணும், திண்டுக்கல்லு வரைக்கும் கேக்கணும்" என்று அவர் சொல்லாத ஆள் கிடையாது. வெடிக்கிற மாதிரி ஒன்றாவது வைத்திருந்தாரா என்பதை மட்டும் யாரும் கேட்டதில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், சாக்கு விரித்து ஆணி விற்றுக்கொண்டிருந்த நான் கடை வைத்த புதிதில், அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஒற்றைக்குழல். அடிக்கட்டை பிளந்து கம்பி சுற்றியிருக்கும். அதை வைத்துக்கொண்டு, மலையடிவாரத்திலிருந்து கடலைக்காட்டில் இறங்கும் பன்றிகளைச் சுட்டார். காட்டுக்காரர்கள் அவரைக் கும்பிட்டார்கள். அந்தப் பொன்னம்பலத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. அப்படியே இருந்திருந்தால் இந்த அஞ்சலி நாலு வரியில் முடிந்திருக்கும்.

பிறகு மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலேறும்போது விற்ற இரட்டைக்குழல் ஒன்றை வாங்கினார். அதன் பக்கவாட்டில் வாத்து செதுக்கியிருந்தது. அன்றோடு வேட்டை போயிற்று. வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து வாத்தின் இறகைத் தடவிப் பார்க்கச் சொல்வதே வேலையாயிற்று. "சுட்டுப் பாத்தீகளா?" என்று கேட்டேன். "சுட்டா கரி பிடிக்கும்லே. ஆணி விக்கிறவனுக்கு வாத்து தெரியுமா?" என்றார்.

அடுத்து வந்தது பழசு மோகம். துரையின் துப்பாக்கி 'நேத்து வந்த சாமான்' ஆகிவிட்டது. துருப்பிடித்த குழாயைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் பாளையக்காரர் காலத்தது என்று வாங்கினார். அதில் ஒன்றின் குழல் என் கடையில் விற்ற தண்ணீர்க் குழாய். முனையில் திருகுமரை தெரிகிறதே என்று காட்டினேன். "ஏன், பாளையக்காரனுக்கு மரை போடத் தெரியாதா?" என்று என்னையே மடக்கினார். பணம் இருப்பவன் ஏமாந்தால் அதற்கும் சரித்திரம் என்று பெயர்.

ஆயுத பூசையன்று அத்தனையையும் வரிசையாக வைத்து ஊரைக் கூப்பிடுவார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம், குழல் வாயில் ஒரு செவ்வந்தி. "பொட்டை அழிச்சா தெய்வக் குத்தம்" என்று துடைக்க விடமாட்டார். அந்த ஈரம் இரும்பைத் தின்றது. அடுத்த வருசம் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. துரை வாத்துக்கு அம்மை போட்டதுபோல் ஆயிற்று.

அப்படியொரு பூசையில்தான் அவருடைய குத்தகைக்காரர் பெருமாள் வந்து கும்பிட்டு நின்றார். "கடலை பூராவும் பன்னி தோண்டிருச்சுங்கய்யா. முன்ன மாதிரி ஒருதரம் வாங்க. இந்த வெள்ளாமையும் போச்சுன்னா புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போகணும்."

"இது சுடுற துப்பாக்கி இல்லலே. பாக்குற துப்பாக்கி."

"அப்ப பன்னிய இங்க பத்தியாரேன். பாத்துட்டாவது போகட்டும்" என்றார் பெருமாள்.

கூட்டம் சிரித்தது. பொன்னம்பலத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "அந்தக் கம்பி சுத்தினத எடுத்துட்டுப் போய்த் தொலை. அலமாரிக்கே அசிங்கம்" என்றார். பயிர்க்காவல் லைசென்சுக்கு நானே பெருமாளைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். அந்த வருசம் கடலை வீடு வந்தது. ஊரை விட்டு யாரும் போகவில்லை.

தோட்டாப் பெட்டியோடு நானே போனேன். சாவு வீட்டில் சின்னவர் அலமாரியைத் திறந்துவிட்டார். துரை துப்பாக்கி தோட்டா போட மடக்கவே வரவில்லை. மற்றொன்றைத் தலைகீழாகத் தட்டினேன். காய்ந்த செவ்வந்தி உதிர்ந்தது. தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்த பங்காளியிடம், "இத வெடிச்சா இன்னொரு பாடை கட்டணும், வச்சிரு" என்றேன்.

பாடை தயாராக இருந்தது. "அப்பா கேட்டது இது ஒண்ணுதான்" என்று சின்னவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓரமாக நின்றிருந்த பெருமாள் வீட்டுக்குப் போய்க் கம்பி சுற்றிய அந்த ஒற்றைக்குழலைக் கொண்டுவந்தார்.

சுடுகாட்டில் என் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவைப் போட்டு வானத்தைப் பார்த்துச் சுட்டார். காக்கைகள் கலைந்தன. திண்டுக்கல்லுக்குக் கேட்டிருக்காது, சித்தையன்கோட்டைக்குக் கேட்டது.

"இம்புட்டு இருக்கே, எல்லாத்தையும் வெடிங்கண்ணே" என்றார் சின்னவர்.

"ஐயாவுக்கு ஒண்ணு போதும் சின்னையா. மிச்சம் பன்னிக்கு" என்று பெட்டியை மடியில் கட்டிக்கொண்டார் பெருமாள்.

நினைவாக அலமாரியிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சுடுகாட்டு மண்ணில் கிடந்த காலித் தோட்டா உறையை எடுத்து வந்தேன். பொன்னம்பலத்தின் பேரில் வெடித்தது அது ஒன்றுதான். என் கடையில் ஆணிப்பெட்டி மேல் நிற்கிறது. ஆயுத பூசைக்கு அதற்கு மட்டும் பொட்டு வைப்பதில்லை.