யாருடைய முழங்கால்?

பல வருடங்களுக்கு முன் அடைமழையில் நடந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏரி நிரம்பி ரோட்டின் மேல் தண்ணீர் பாய்ந்ததால் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டீக்கடை ஒரு ரூபாய் போனிலிருந்து மேனேஜர் வீட்டுக்குப் பேசினேன்.

"முழங்கால் தண்ணிதாம்மா. தாண்டி வந்து வேற பஸ் பிடிங்க. லீவெல்லாம் கிடையாது" என்றார், அளந்து பார்த்துவிட்டு வந்தவர் போல.

அந்த மேதாவியை நம்பி இறங்கினேன். கொஞ்ச தூரத்திலேயே தண்ணீர் இடுப்புக்கு ஏறி, கால் தரையை விட்டது. குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக் கடந்துகொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் எட்டி என் கையைப் பிடித்தார்.

"இன்னாம்மா, ரோடே அறுத்துகினு போயிகீது! முழங்காலுன்னு எவன் சொன்னான்?"

அவர்தான் அக்கரை சேர்த்தார். ஈரப் புடவையோடு ஆபீசுக்குப் போனால் பூட்டியிருந்தது.

"சார் வர்ல மேடம். அவரு வூட்டு வாசல்ல கணுக்கால் தண்ணி நிக்குதாம்" என்றார் வாட்ச்மேன்.

இப்போது வேறு ஆபீஸ். மழைநாளில் அங்கேயும் ஒரு மேதாவி போனில் "முழங்கால் தண்ணிதான்" என்பார். "நீங்க இறங்கிப் பாத்தீங்களா சார்?" என்று கேட்பேன். உடனே போனை வைத்துவிடுவார். நானும் கிளம்பாமல் குடையை மடக்கி வைத்துவிடுவேன்.